உங்களுக்குத் தெரியுமா? பங்களா, உயில், நடு இரவு

● வீணை எஸ். பாலசந்தர் என்றதும் நம்மில் பலருக்கு நினைவுக்கு வருவது கச்சேரி மேடைதான். அதே மனிதர், ஒரு தீவு, ஒரு பெரிய பங்களா, ஒருவர் பின் ஒருவராகச் செத்து விழும் உறவினர்கள் என்று ஒரு கொலைப் படம் எடுத்திருக்கிறார், தெரியுமா? பெயர் 'நடு இரவில்'. வெளிவந்தது 1970-இல். அகதா கிறிஸ்டி 1939-இல் எழுதிய 'அண்ட் தென் தேர் வேர் நன்' நாவலின் கருவை எடுத்துக்கொண்டு, அதைத் தமிழ்க் குடும்பக் கதையாகவே மாற்றிவிட்டார் பாலசந்தர்.

கிறிஸ்டியின் நாவலில் தீவுக்கு வருகிறவர்கள் ஒருவருக்கொருவர் அந்நியர்கள். பாலசந்தரின் படத்தில் எல்லோரும் சொந்தக்காரர்கள். செல்வந்தர் ஒருவருக்கு நோய் முற்றிவிட்டது, நாள் எண்ணிக்கொண்டிருக்கிறார். சாதி மாறி மணந்ததற்காக அவரை ஒதுக்கிவைத்த உடன்பிறந்தவர்கள், சொத்து என்றதும் மூட்டை முடிச்சுகளுடன் வந்து இறங்குகிறார்கள். மனைவி பொன்னிக்கோ மனநிலை சரியில்லை. இப்படி ஒரு வீட்டில் இரவு கொலை விழுந்தால், பார்க்கிறவரின் சந்தேகம் முதலில் யார் பக்கம் திரும்பும்? பாவம், அந்தப் பெண் பக்கம்தான். நம் மனத்தின் அந்தப் பழக்கத்தை இயக்குநர் நன்றாகத் தெரிந்துவைத்திருக்கிறார். கொலைகாரர் யார் என்பதை இங்கே சொல்லப்போவதில்லை. பார்க்காதவர்கள் தேடிப் பிடித்துப் பாருங்கள்.

● 'நடு இரவில்' 1960களின் நடுவிலேயே எடுக்கப்பட்ட படம். வாங்க ஆள் வராமல் பெட்டிக்குள்ளேயே கிடந்து, 1970-இல்தான் திரைக்கு வந்தது. பெரிய கதாநாயகன் கிடையாது. பாடல்கள் இரண்டே இரண்டு. சண்டைக் காட்சியை நம்பி எடுத்த படமும் அல்ல. அந்தக் கால விநியோகஸ்தர்கள் தயங்கியதைப் புரிந்துகொள்ள முடிகிறது. ஆனாலும் ஒரு நல்ல படம் இத்தனை ஆண்டு காத்துக் கிடந்ததை நினைத்தால் மனசு கேட்கவில்லை. இதே நாவலின் சாயலில் இந்தியில் வந்த 'கும்நாம்' 1965-இலேயே வெளியாகி, ஆட்டமும் பாட்டுமாய் ஊரெங்கும் ஓடியது. ரசிகர்களுக்குப் பிடிக்காத சரக்கு என்று யாரும் சொல்லியிருக்க முடியாது.

● 'நடு இரவில்' படத்தில் நோய்வாய்ப்பட்ட அந்தச் செல்வந்தராக நடித்தவர் மேஜர் சுந்தரராஜன். பிறந்தது 1935. படப்பிடிப்பு நடந்த காலத்தில் அவருக்கு வயது முப்பதை ஒட்டித்தான்! பெயருக்கு முன்னால் உள்ள 'மேஜர்' பட்டாளத்தில் கிடைத்த பட்டம் அல்ல. கே. பாலசந்தரின் 'மேஜர் சந்திரகாந்த்' நாடகத்திலும் 1966-இல் வந்த படத்திலும் கண் தெரியாத ஓய்வுபெற்ற மேஜராக நடித்ததால் ஒட்டிக்கொண்டது. (வீணை பாலசந்தர் வேறு, கே. பாலசந்தர் வேறு. இந்தக் குழப்பம் இன்றைக்கும் தீர்ந்தபாடில்லை.)

● பண்டரிபாய் என்றால் அம்மா வேடம் என்றே வைத்துவிட்டோம். வீணை பாலசந்தரின் இரண்டு கொலைக் கதைகளில் முக்கியமான பெண் அவர்தான். 1954-இல் 'அந்த நாள்' படத்தில் கொலையுண்டவனின் மனைவி உஷா. 'நடு இரவில்' படத்தில் பொன்னி. இரண்டிலும் கண்ணை வைத்தே நடித்திருக்கிறார். அம்மாவாக அவர் அழுத படங்களை எல்லாம் ஒரு பக்கம் வைத்துவிட்டு இந்த இரண்டை மட்டும் பாருங்கள், வேறொரு நடிகை தெரிவார்.

● 'அந்த நாள்' தமிழில் பாட்டே இல்லாமல் வந்த முதல் படம் என்பது பலருக்கும் தெரியும். அதன் கதாநாயகன் படம் தொடங்கிய கையோடு செத்துவிடுகிறான் என்பது? துப்பாக்கி வெடிக்கிறது. ராஜனாக வரும் சிவாஜி கணேசன் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு தள்ளாடி விழுகிறார். அதற்குப் பிறகு அவர் வருவதெல்லாம் மற்றவர்கள் சொல்லும் கதைகளில்தான். மனைவி, தம்பி, தம்பி மனைவி, ஆசைநாயகி, அடுத்த வீட்டுக்காரர் என்று ஒவ்வொருவரும் துப்பறிகிறவர் முன்னால் ஒரு ராஜனைக் காட்டுகிறார்கள். ஒரு ராஜன் மாதிரி இன்னொரு ராஜன் இல்லை. அந்தத் துப்பறியும் அதிகாரியாக நடித்த ஜாவர் சீதாராமன்தான் படத்தின் எழுத்தாளரும்!

ராஜன் வேடம் முதலில் சிவாஜிக்கு வரவில்லை. எஸ்.வி. சகஸ்ரநாமத்தை வைத்துக் கொஞ்சம் எடுத்தார்கள், சரிவரவில்லை. பிறகு கல்கத்தாவில் தமிழ்ப் பேராசிரியராக இருந்த என். விசுவநாதனை வைத்து எடுத்தார்கள். அதுவும் தயாரிப்பாளர் ஏவி. மெய்யப்பச் செட்டியாருக்குத் திருப்தியில்லை. மூன்றாவதாகத்தான் சிவாஜி.

● பார்க்காதவர்கள் இந்தத் துணுக்கைத் தாண்டிப் போய்விடுங்கள். 'அந்த நாள்' கதை 1943 அக்டோபரில், சென்னையில் ஜப்பானிய விமானம் குண்டு வீசிய வேளையில் நடக்கிறது. கொலையான ராஜன் வானொலிப் பொறியாளன். ஜப்பானியர்களுக்கு வானொலி மூலம் இரகசியம் அனுப்பியவன்.

இதில் பினாங்குக்காரர்கள் நின்று யோசிக்க வேண்டிய இடம் ஒன்று உண்டு. ஜப்பானியர் ஆட்சியில் நம் பினாங்கில் 'இந்தியன் சுவராஜ் இன்ஸ்டிட்யூட்' என்ற பயிற்சிக்கூடம் நடந்தது. இந்தியாவுக்குள் இரகசியமாக நுழைந்து வேலை செய்ய இளைஞர்களை அங்கே தயார்செய்தார்கள். 1942 செப்டம்பரில் இங்கிருந்து நீர்மூழ்கிக் கப்பலில் புறப்பட்ட ஒரு குழு மலபார்க் கரையில் தானூர் அருகே இறங்கியது. இறங்கிய கையோடு பிடிபட்டது. அவர்களிலும் வேறு வழிகளில் நுழைந்து பிடிபட்டவர்களிலும் வக்கம் அப்துல் காதர், பௌஜா சிங், சத்யேந்திர சந்திர பர்தன், அனந்தன் நாயர் ஆகிய நால்வருக்கும் 1943 செப்டம்பர் 10 அன்று சென்னைச் சிறையில் தூக்கு. காதருக்கு வயது 26. படத்தில் ராஜன் சாகும் காலத்துக்கு ஒரு மாதம் முன்பு, அதே ஊரில் நடந்தது இது.

திரையில் ஜப்பானியருக்கு உளவு சொன்னவன் துரோகி. சிறையில் கழுத்தை நீட்டிய இந்த நால்வரும் நாட்டுக்காகப் போனவர்கள். பினாங்கில் பயிற்சி பெற்றவர்களின் பக்கத்துக் கதையை எந்தத் தமிழ்ப் படமும் இதுவரை நெருங்கியதாக எனக்குத் தெரியவில்லை. எடுக்க வேண்டிய கதை.

● 'அந்த நாள்' வெளியானது 1954 ஏப்ரல் 13. வீணை பாலசந்தர் மறைந்தது 1990 ஏப்ரல் 13.

● பாலசந்தர் 1964-இல் எடுத்த 'பொம்மை' படத்திலும் கொலைத் திட்டம்தான். நடக்கும், பேசும் பொம்மைக்குள் வெடிகுண்டு. கொல்லப்பட வேண்டிய ஆள் விமானம் ஏறிப் போக இருந்த ஊர் சிங்கப்பூர்! பொம்மை கைமாறிக் கைமாறி ஊர் சுற்றுகிறது, குண்டோ மணியை எண்ணிக்கொண்டிருக்கிறது. இன்றைக்குப் பார்த்தாலும் நாற்காலியின் நுனிக்கு வந்துவிடுவோம். கே.ஜே. யேசுதாஸ் தமிழில் பாடிய முதல் பாடல்களில் ஒன்று இந்தப் படத்தில்தான்.

● பங்களா, கொலை, முகமூடி மூன்றையும் வண்ணத்தில் காட்டிய படம் 'அதே கண்கள்'. ஏவி.எம். தயாரிப்பு, இயக்கம் ஏ.சி. திருலோகசந்தர், ஆண்டு 1967. ரவிச்சந்திரன், காஞ்சனா நடிப்பு, வேதாவின் இசை. இதே படம் தெலுங்கில் 'அவே கள்ளு' என்ற பெயரில் கிருஷ்ணாவை நாயகனாக வைத்துக் கூடவே எடுக்கப்பட்டது. காஞ்சனா இரண்டிலும் உண்டு.

● இனி நம் ஊருக்கு வருவோம். பினாங்குப் பாலம் கடந்து தெற்கே போனால் நிபோங் திபால். அங்கே கலிடோனியா தோட்டத்துக்குள் செம்பனைக்கு நடுவே பாழடைந்து நிற்கிறது ஒரு துரை பங்களா. 99 கதவு வீடு என்றால் சின்னப் பிள்ளைக்கும் தெரியும். இரவில் போய்ப் படம் பிடித்துப் போடுகிறவர்கள் அதிகம். அது பேய் வீடு என்று பெயர் வாங்கியதற்குப் பின்னால் நிஜமான ஒரு கொலை இருக்கிறது.

பிரித்தானியப் பிரபுக் குடும்பமான ராம்ஸ்டன் குடும்பத்துக்குச் செபராங் பிறையில் பெரிய பெரிய தோட்டங்கள் இருந்தன. முதலில் கரும்பு, பிறகு ரப்பர். அந்தக் குடும்பத்து வாரிசு ஜான் செயின்ட் மோர் ராம்ஸ்டன் 1948 ஜூன் மாதம் அந்தப் பங்களாவில் சுட்டுக் கொல்லப்பட்டார். அடுத்த சில நாட்களிலேயே, ஜூன் 16 அன்று, சுங்கை சிப்புட்டில் மூன்று ஐரோப்பியத் தோட்டத் துரைகள் கொல்லப்பட, மலாயாவில் அவசரகாலம் பிறந்தது. ஊரே துப்பாக்கிச் சத்தத்தில் மூழ்கிய நேரம். கலிடோனியா கொலை பின்னுக்குப் போய்விட்டது.

பேய்க் கதை சொல்கிறவர்கள் துரையின் ஆவி மாடிப்படியில் நடக்கிறது என்கிறார்கள். இருக்கட்டும். அந்த மண்ணைச் சுற்றி வாழ்ந்து மடிந்த வேறு ஆயிரக்கணக்கானோர் பற்றி யாரும் பேசுவதில்லை. மலாயாவில் தமிழர்கள் தோட்டக்கூலிகளாக வந்து இறங்கிய மிகப் பழைய இடங்களில் ஒன்று இந்தச் செபராங் பிறைக் கரும்புத் தோட்டங்கள்தான். ரப்பர் வருவதற்கு வெகுமுன்பே, 19-ஆம் நூற்றாண்டின் நடுவிலேயே, ஒப்பந்தக் கூலிகளாகக் கரும்பு வெட்டியவர்கள். காய்ச்சலிலும் வயிற்றுப்போக்கிலும் கூட்டம் கூட்டமாகச் செத்தவர்கள். ஒரு துரையின் ஆவிக்கு வீடு, பெயர், கதை எல்லாம் கிடைத்துவிட்டது. லயத்தில் செத்தவனுக்குக் கல்லும் இல்லை. அடுத்த முறை 99 கதவு வீட்டைப் பார்க்கப் போகிற இளைஞர்கள், கேமராவைத் தோட்டத்துப் பக்கமும் கொஞ்சம் திருப்பினால் நல்லது.

● மலாயா பங்களாவில் நடந்த கொலை ஹாலிவுட்டுக்கும் போயிருக்கிறது. 1911-இல் கோலாலம்பூரில் எதெல் பிரௌட்லாக் என்ற பெண்மணி, ஓர் ஆசிரியரின் மனைவி, தன் வீட்டு வராந்தாவில் ஒருவரைச் சுட்டுக் கொன்றார். தூக்குத் தண்டனை விதிக்கப்பட்டு, சிலாங்கூர் சுல்தான் மன்னிப்பு வழங்கினார். இந்த வழக்கைக் கேட்டறிந்து சாமர்செட் மாம் எழுதிய கதைதான் 'தி லெட்டர்'. அதை வில்லியம் வைலர் 1940-இல் பெட்டி டேவிஸை வைத்துப் படமாக்கினார்.

முதல் காட்சியை மட்டும் சொல்கிறேன். நிலவொளி. பால்மரத்தில் வெட்டிய கோட்டிலிருந்து பால் சொட்டுச் சொட்டாக மங்கில் விழுகிறது. கேமரா மெதுவாக நகர்கிறது. கொட்டகையில் தொழிலாளிகள் தூங்குகிறார்கள். பேச்சு கிடையாது. திடீரென்று ஒரு வெடி. பங்களா வராந்தாவில் ஒரு மனிதன் தள்ளாடி இறங்க, பின்னாலேயே வருகிற பெண் குண்டு தீரும்வரை அவனைச் சுடுகிறாள். கலிபோர்னியாவில் செட் போட்டு எடுத்த மலாயா அது. ஆனாலும் கொலைக்கு முன்பு பால்மரத்தையும் தூங்கும் கூலியாட்களையும் காட்ட வேண்டும் என்று அந்த இயக்குநருக்குத் தோன்றியிருக்கிறதே, அதற்காகவே அவரைக் கையெடுத்துக் கும்பிடலாம்.

● பினாங்கு லித் ஸ்திரீட்டின் நீல மாளிகையை எல்லோருக்கும் தெரியும். 1992-இல் வெளிவந்து ஆஸ்கார் வாங்கிய 'இந்தோசீன்' என்ற பிரெஞ்சுப் படத்திலும், 2018-இல் வந்த 'கிரேசி ரிச் ஏஷியன்ஸ்' படத்தின் மாஜாங் காட்சியிலும் அது தலைகாட்டியிருக்கிறது. இன்று பளிச்சென்று நிற்கிற இந்த வீடு ஒருகாலத்தில் இடிந்து சரிந்து, பார்த்தாலே பயம் தருகிற நிலையில் இருந்தது. காரணம் பேய் அல்ல, ஓர் உயில்! கட்டிய சீனக் கோடீஸ்வரர் சோங் ஃபட் சே 1916-இல் இறந்தார். தன் கடைசி மகன் உயிரோடிருக்கும்வரை வீட்டை விற்கக் கூடாது என்று எழுதிவைத்திருந்தார். அந்த மகன் இறந்தது 1989-இல். இடைப்பட்ட காலத்தில் மாளிகை குடக்கூலி வீடாகிக் கூரை ஒழுக ஆரம்பித்திருந்தது. பிறகு வாங்கியவர்கள் பழமை கெடாமல் புதுப்பித்தார்கள்.

● உயிலும் பாழ் வீடும் சேர்ந்தால் கொலைக் கதை என்ற வழக்கம் எங்கிருந்து வந்தது? மேடை நாடகமாக இருந்து 1927-இல் ஊமைப்படமான 'தி கேட் அண்ட் தி கேனரி' அதற்கு ஒரு பெரிய வேர். செத்து இருபது ஆண்டு கழித்து, நள்ளிரவில், பாழடைந்த மாளிகையில் உயில் வாசிக்கப்படுகிறது. வாரிசுகள் வந்து உட்காருகிறார்கள். சுவருக்குள்ளிருந்து ஒரு கை நீளுகிறது. மலாய்ப் படவுலகில் 1965-இல் ரமோன் எஸ்டெல்லா இயக்கிய 'புசாக்கா பொந்தியானாக்' படத்துக்கும் பெயரிலேயே 'புசாக்கா', அதாவது பரம்பரைச் சொத்து, வந்துவிட்டது. ஊர் எதுவானாலும் மொழி எதுவானாலும் இந்தக் கதைகளில் முதலில் வீட்டுக்குள் நுழைவது சொத்துத் தகராறு. ஆவி அதற்குப் பிறகுதான் வருகிறது.

● 'சந்திரமுகி' (2005) கதைக்கு மூலம் மலையாளத்து 'மணிச்சித்திரத்தாழ்' (1993) என்பது ஊரறிந்த செய்தி. அதற்கும் மூலம் ஒரு நிஜ வீடு. ஆலப்புழை மாவட்டம் முட்டத்தில் உள்ள ஆலும்மூட்டில் தறவாட்டில் 1921-இல் குடும்பத் தலைவர் கொல்லப்பட்டார். மருமக்கள்தாய முறையில் சொத்து யாருக்கு என்ற தகராறுதான் பின்னணி என்பார்கள். படத்தின் கதையை எழுதிய மது முட்டத்துக்கு அந்த வீடு நன்கு பழக்கமானது. மலையாளப் படத்தின் பல காட்சிகளை எடுத்த பத்மநாபபுரம் அரண்மனையோ, இன்று இருப்பது தமிழ்நாட்டின் கன்னியாகுமரி மாவட்டத்தில்!

● மலாய்த் திரையின் முதல் பெரிய பேய்ப் படமான 'பொந்தியானாக்' (1957) படத்தை இயக்கியவர் பி.என். ராவ். அதற்கு முன்பு அவர் என்ன செய்துகொண்டிருந்தார்? தமிழ்ப் படங்களை இயக்கிக்கொண்டிருந்தார்! 'ரம்பையின் காதல்' (1939), 'பூலோக ரம்பை' (1940), எம்.ஜி.ஆர். நடித்த 'சாலிவாகனன்' (1945) எல்லாம் அவர் கைவண்ணம். தேவலோக ரம்பையைப் படமாக்கியவர் கடல் தாண்டி வந்து வாழை மரத்தடிப் பேயைப் படமாக்கினார். மரியா மெனாடோ பெண் பேயான பொந்தியானாக்காக நடித்த அந்தப் படத்தைச் சீனர், மலாய்க்காரர், தமிழர் என்று எல்லோரும் பார்த்தார்கள். கேண்டனிஸ் மொழியிலும் குரல் கொடுத்து வெளியிட்டார்கள்.

● பொந்தியானாக்கின் பின்கழுத்தில் ஆணி அடித்தால் அவள் சாதாரணப் பெண்ணாகிவிடுவாள் என்பது மலாய்க்காரர் நம்பிக்கை. ஆணியைப் பிடுங்கினால் மீண்டும் பேய். நம் பக்கத்துப் பெரியவர்கள் பேயை இறக்கி, உச்சி மயிரோடு சேர்த்துப் புளியமரத்தில் ஆணி அடிப்பார்கள். இரண்டிலும் அடங்க வேண்டியவள் பெண்தான், அடிக்கிறவன் ஆண்தான். இதைச் சரியென்று என்னால் ஏற்க முடியவில்லை. கதைகளில் இந்தப் பெண் பேய்கள் பெரும்பாலும் பிரசவத்தில் செத்தவர்கள், ஏமாற்றப்பட்டவர்கள், கொல்லப்பட்டவர்கள். நியாயம் கேட்டு வருகிறவர்கள்.

● அதே முதல் 'பொந்தியானாக்' படம் இன்று இல்லை. தயாரிப்பு நிறுவனத்தின் பங்காளிகளில் ஒருவரான ஹோ ஆ லோக், பழைய சுருள்களை ஈயக்குட்டையில் வீசிவிட்டார் என்று சொல்லப்படுகிறது. அடுத்து வந்த 'டெண்டாம் பொந்தியானாக்' படத்துக்கும் அதே கதி. 1958-இல் வந்த 'சும்பா பொந்தியானாக்' தப்பிப் பிழைத்திருக்கிறது.

● மலாய் நடிகர் பி. ரம்லி 1929-இல் பிறந்தது பினாங்கில். அவரை 1950-இல் 'பக்தி' படத்தில் முதல்முறையாகக் கதாநாயகனாக்கியவர் எல். கிருஷ்ணன். அவர் யார்? சென்னையில் பிறந்து, சிறுவனாகப் பினாங்குக்கு வந்து வளர்ந்த தமிழர்! ரம்லியின் பாட்டுக்கு ரம்லியே குரல் கொடுக்கட்டும் என்று நின்றவரும் அவர்தான். 1958-இல் இந்த இரண்டு பினாங்குக்காரர்களும் தனித்தனியே ஒரே பேயைப் படமாக்கினார்கள். உடம்பெல்லாம் எண்ணெய் பூசிக்கொண்டு இரவில் வீடு புகும் 'ஓராங் மின்யாக்'. கிருஷ்ணன் இயக்கியது 'ஓராங் மின்யாக்', ரம்லி இயக்கியது 'சும்பா ஓராங் மின்யாக்'. ரம்லிக்கு நினைவில்லம் இருக்கிறது, சாலைக்கும் பெயர் இருக்கிறது. கிருஷ்ணன் பெயரை ஜார்ஜ்டவுனில் எத்தனை பேர் அறிவார்கள்? நம் பிள்ளைகளுக்கு நாமாவது சொல்லித்தர வேண்டும்.

● பினாங்குக் கொடிமலை ஏறியவர்கள் பழைய கிராக் ஹோட்டல் கட்டடத்தைப் பார்த்திருப்பார்கள். நெடுங்காலம் பூட்டிக் கிடந்து, பேய் வீடு என்று பெயர் எடுத்த கட்டடம். 2015-இல் ஒளிபரப்பான 'இந்தியன் சம்மர்ஸ்' என்ற ஆங்கிலத் தொடருக்காக அதைத் துடைத்துத் துலக்கினார்கள். கதை நடக்கும் ஊர் இமயமலைச் சிம்லா, எடுத்த ஊர் பினாங்கு.

● 'தி மவுஸ்டிராப்' நாடகம் 1952-இலிருந்து லண்டனில் நடந்துவருகிறது. ஒவ்வொரு முறையும் முடிவில், கொலைகாரர் யார் என்பதை வெளியே சொல்லாதீர்கள் என்று நடிகர்கள் கேட்டுக்கொள்வார்கள். அகதா கிறிஸ்டியின் நாடகம்தான்.

● 1932-இல் ஜேம்ஸ் வேல் இயக்கிய 'தி ஓல்ட் டார்க் ஹவுஸ்' என்ற படம்தான் பாழ் வீட்டுக் கதைகளுக்கெல்லாம் பெயர் கொடுத்த படம். மழை, மலைப்பாதையில் மண்சரிவு, வழி தவறிய பயணிகள், கதவைத் திறக்கும் ஊமை வேலைக்காரன். வேலைக்காரனாக போரிஸ் கார்லோஃப். பல ஆண்டுகள் இந்தப் படம் தொலைந்துபோனது என்றே நினைத்திருந்தார்கள். கர்ட்டிஸ் ஹாரிங்டன் என்ற இளைய இயக்குநர் விடவில்லை. யுனிவர்சல் நிறுவனத்தைத் திரும்பத் திரும்ப நச்சரித்து, 1968-இல் அவர்கள் கிடங்கிலிருந்தே சுருளைத் தேடி எடுக்கவைத்தார். ஒரு தனிமனிதரின் பிடிவாதம் ஒரு படத்தைக் காப்பாற்றியது.

● தமிழின் முதல் பேசும் படமான 'காளிதாஸ்' (1931) நம்மிடம் இல்லை. 1930களில் வந்த தமிழ்ப் படங்களில் பெரும்பாலானவை அழிந்துவிட்டன. இந்தியாவின் தேசியத் திரைப்படக் காப்பகம் புனேயில் தொடங்கப்பட்டதே 1964-இல்தான்.

● மலேசியாவில் எடுத்த முதல் தமிழ்ப் படம் எது என்று கேட்டால் பலர் 1991-இல் வந்த 'நான் ஒரு மலேசியன்' என்பார்கள். அதற்கும் முன்பு, 1960களின் பிற்பகுதியில், இங்கே ஒரு தமிழ்ப் படம் எடுக்கப்பட்டிருக்கிறது. பெயர் 'ரத்தப் பேய்'! நம் நாட்டுத் தமிழ்த் திரை பேய்ப் படத்தோடு பிறந்திருக்கிறது. பெயரைத் தவிர வேறெதுவும் தெரியாதவர்களே அதிகம்.

தோட்டத்துத் திடலில் வெள்ளைத்துணி கட்டிப் படம் காட்டிய காலத்தில் வேலை செய்தவர்கள், பினாங்குத் திரையரங்குகளில் சுருள் ஓட்டியவர்கள், கடைத்தெருவில் பாட்டுப் புத்தகம் விற்றவர்கள் குடும்பங்களில் இன்னும் ஏதாவது மிச்சம் இருக்கலாம். தகரப் பெட்டியைத் திறக்கும்போது காடி நெடி அடித்தால் பயப்பட வேண்டாம். பழைய அசிட்டேட் சுருள் கெடத் தொடங்கினால் அப்படித்தான் மணக்கும். ஆனால் தாமதிக்கக் கூடாது, ஒரு சுருளில் தொடங்கியது பக்கத்துச் சுருளுக்கும் பரவும். நம் ஊர் வெக்கையும் ஈரமும் அதை வேகப்படுத்தும். சுருளை விரித்துப் பார்க்காதீர்கள், வெயிலில் காயவைக்காதீர்கள், துணியால் துடைக்காதீர்கள். நெடி அடிக்கும் பெட்டியை மற்றவற்றிலிருந்து பிரித்து, வீட்டிலேயே குளுமையான, காய்ந்த இடத்தில் வையுங்கள். பெட்டி மேல் எழுதியிருப்பதைக் கைப்பேசியில் படம் பிடித்துக்கொண்டு தேசிய ஆவணக் காப்பகத்துக்கோ, தேசியத் திரைப்பட மேம்பாட்டுக் கழகமான ஃபினாஸ் அலுவலகத்துக்கோ தெரிவியுங்கள். சுருள் இல்லாவிட்டாலும் பரவாயில்லை. ஒரு சுவரொட்டி, ஒரு நோட்டீஸ், டிக்கெட்டின் பாதி, நாளிதழில் வெட்டிவைத்த விளம்பரம், எதுவானாலும் சரி. 'நடு இரவில்' பினாங்கில் எந்தத் திரையரங்கில், எந்த வாரம் ஓடியது என்பதை உறுதிப்படுத்தும் ஒரு துண்டுத்தாள் யாரிடமாவது இருந்தால், இந்தப் பகுதிக்கு எழுதுங்கள். அடுத்த இதழில் உங்கள் பெயரோடு வெளியிடுகிறோம்.